நோவிட்சாவின் ஸ்பீக்கருக்கு முதல் தரம்

எங்கள் மாவட்டத்தில் ஒலியின் தரத்தைச் சோதிப்பதற்கென்றே ஓர் ஆணையம் இருக்கிறது. ஒலிதான் அவ்வளவாக இல்லை. செர்பியாவின் இந்தக் கோடியில், டிமோக் ஆற்றுக்கு இந்தப் பக்கம், பாதிக்கு மேல் வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. வீட்டுக்காரர்கள் வியன்னாவில் சுவருக்குப் பூச்சு பூசிக்கொண்டும் ஆஸ்பத்திரித் தரையைத் துடைத்துக்கொண்டும் இருக்கிறார்கள். ஆகஸ்டில் வருவார்கள், கல்யாணம் வைப்பார்கள், காதைக் கிழிப்பார்கள், போய்விடுவார்கள். மற்ற மாதங்களில் சேவல் கூவுவதுதான் இங்கே பெரிய சத்தம்.

இந்த ஆணையம் முதலில் தாமிரச் சுரங்கத்தின் வெடிச்சத்தத்தை அளக்க ஏற்பட்டது. சுரங்கம் மூடியது, வெடி நின்றது, ஆணையம் மட்டும் நிற்கவில்லை. சம்பளம் வாங்குகிறவர்கள் சும்மா உட்கார்ந்திருந்தால் நன்றாகவா இருக்கும்? தேடித் தேடிப் பார்த்துக் கடைசியில் கையில் தூக்கிக்கொண்டு போகிற புளூடூத் ஸ்பீக்கர்களைப் பிடித்துக்கொண்டார்கள். இப்போதெல்லாம் நாலு பேர் கூடுகிற இடத்தில், அது கல்யாணமானாலும் கருமாதியானாலும், ஆணையம் கேட்டுப் பார்த்துத் தரம் சொல்லி வில்லை ஒட்டாத ஸ்பீக்கரைப் போடக் கூடாது. போட்டால் போலீஸ்காரர் வந்து எடுத்துக்கொண்டு போவார். எடுத்துக்கொண்டு போனது திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை.

நான் பெர்சிடா. எங்கள் ஊரில் படையலுக்குப் பேர் சொல்கிறவள். நாங்கள் விளாஹ் ஜனம், செர்பியர்களுக்கு நடுவே தனிப் பேச்சும் தனி வழக்கமும் உள்ளவர்கள்; செத்தவர்களைப் பட்டினி போட மாட்டோம். ரொட்டியோ மதுவோ சட்டையோ குடையோ மேஜையில் வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி, "இது இன்னாருக்கு" என்று நான் சொன்னால் அது அவருக்குப் போய்ச் சேரும். பாட்டும் அப்படித்தான். கைகோத்து வட்டமாகக் கோலோ ஆடி, ஆடி முடித்ததும் பேரைச் சொன்னால், அந்தப் பாட்டு அங்கே அவருக்குச் சொந்தம். வாத்தியக்காரன் வந்து வாசித்தால் பாட்டு மட்டும் போகும். வீட்டுப் பொருளை வைத்துப் பாட்டு போட்டால் பொருளும் சேர்ந்து போகும். ஒருத்தர் பேருக்குப் போனதை இன்னொருத்தருக்கு மாற்ற முடியாது. இதில் எனக்கு ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை. சந்தேகம் உள்ளவர்கள் வேறு ஊருக்குப் போய்ச் சாகட்டும்.

பக்கத்து வீட்டுத் திராய்லோவுக்கு மனைவி செத்துப்போய் ரொம்ப நாளாயிற்று. இருந்தது ஒரே பையன், நோவிட்சா. வியன்னாவில் சாரத்தில் நின்று சுவர் பூசுகிற வேலை. போன ஆகஸ்டில் எங்கள் வீதியில் எல்லாரும் கார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பாட்டுப் போட்டுக்கொண்டிருந்த சமயத்தில் அவன் அங்கே சாரத்திலிருந்து விழுந்துவிட்டான். விடுமுறைக்குக் கிளம்ப இரண்டொரு நாள்தான் பாக்கி. ஊருக்கு வந்தது ஒரு பெட்டியும் ஒரு பையும். பெட்டியில் அவன். பையில் அவன் துணிமணி, ஷேவிங் சாமான், ஒரு ஸ்பீக்கர். ஒரு ரொட்டி அளவுதான் இருக்கும், கறுப்பு. வேலை செய்யும்போது இடுப்பில் மாட்டிக்கொள்வானாம். அவனோடு அதுவும் விழுந்தது. முன்பக்கத்து வலை நசுங்கிப்போய், உள்ளே பூச்சுத் தூள் ஏறியிருந்தது. ஆனாலும் பாடியது. மனிதன் போய்விடுகிறான், நூறு கடையில் கிடைக்கிற சாமான் பிழைத்துக்கொள்கிறது. யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

அதைப் பாட வைத்துப் பார்த்தது அந்தப் பையைப் பிரித்த அன்று ஒரே ஒரு நிமிஷம். அதற்கப்புறம் ஒரு வருஷம் திராய்லோ காதில் பாட்டு விழவில்லை. துக்க வீட்டில் விழக் கூடாது. டி.வி.க்குத் துணி போட்டு மூடிவிட்டார். பஸ்ஸில் டிரைவர் பாட்டுப் போட்டால் இறங்கி நடந்தார். முட்டாள்தனமாகத் தெரியலாம். ஆனால் வருஷப் படையலில் ஆடிக் கொடுக்கும்வரைக்கும் நோவிட்சாவுக்கும் அங்கே பாட்டு இல்லை. அப்பன் மட்டும் எப்படிக் கேட்பான்? அந்தப் படையல் மாதா பண்டிகைக்கு மறுநாள் வந்தது. அன்றைக்குக் கொடுத்தால் உண்டு. அந்த நாள் தவறினால் பையன் என்றைக்கும் மௌனத்தில்தான் கிடக்க வேண்டும்.

வாத்தியக்காரர்கள் கிடைக்கவில்லை. ஆகஸ்ட் ஆயிற்றே, எல்லாக் குழுவும் கல்யாணத்தில். ஊரில் அக்கார்டியன் வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் வியன்னாவில் டிராம் ஓட்டுகிறான். "யாராவது வாயால பாடிட்டா என்ன?" என்று ஒருத்தி கேட்டாள். வாயால் பாடினால் அது ஒப்பாரிக் கணக்கில் போய்விடும் என்றேன். ஒப்பாரி அவனுக்குப் போதும் போதும் என்கிற அளவுக்குப் போயிருக்கிறது.

திராய்லோ அந்த ஸ்பீக்கரை ஒரு துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார்.

"பெர்சிடா, இதை வெச்சு ஆடலாமா?"

"ஏன் ஆடக் கூடாது? அவனோடதுதானே. கையில வாங்கினதும் அவனுக்கே தெரிஞ்சிடும்."

அவர் முகத்தில் அந்த வருஷத்தில் முதல் தடவையாக ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியோடுதான் நாங்கள் வில்லை வாங்க நகரத்துக்குப் போனோம்.

ஆணையம் பழைய சினிமாக் கொட்டகையில் இருக்கிறது. கதவில், "அமைதி. உள்ளே ஒலி நடக்கிறது" என்று எழுதியிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுக் கம்பளிச் செருப்பு போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். உள்ளே எல்லாரும் கிசுகிசுவென்று பேசிக்கொண்டார்கள். சுவரில் ஆணையத்தை ஆரம்பித்த இன்ஜினியர் ரதிவோயேவின் படம், காதுக்குப் பின்னால் கையைக் குவித்தபடி. அவர் செத்துப் பல வருஷம் ஆகிவிட்டது. அவருக்கு முன்னால் பிளாஸ்டிக் பூ வைத்திருந்தார்கள்.

டைரக்டர் டாக்டர் வுகாஷின் ஒருத்தர் மட்டும் உரக்கக் கத்திப் பேசினார். பெரிய பதவிக்காரர் அப்படித்தான் பேசுவார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அவருக்கு வலப்பக்கம் கருவிப் பொறுப்பாளர் செதோமிர். இடப்பக்கம் லுபிங்கா அம்மா. அவளைத் 'தங்கக் காது' என்று அறிமுகப்படுத்தினார்கள். எனக்கு அவளைத் தெரியும். மலைக்கு அந்தப் பக்கத்து விளாஹ் ஊரில் ஆடு மேய்த்தவன் மகள். இப்போது எங்கள் பேச்சே தெரியாத மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"எழுந்திருங்க!" என்றார் டைரக்டர். எல்லாரும் எழுந்து தலையைக் குனிந்து ஒரு நிமிஷம் மௌனமாக நின்றார்கள். திராய்லோ தொப்பியைக் கழற்றி மார்போடு அணைத்துக்கொண்டார். அவர் கன்னத்தில் தண்ணீர் வழிந்தது. முடிந்ததும் ஒவ்வொருத்தர் கையாகப் பிடித்து, "ரொம்ப நன்றிங்கய்யா. என் பையனைத் தெரியாதவங்க இவ்வளவு மரியாதை பண்ணுவீங்கன்னு நான் எதிர்பார்க்கல," என்றார்.

அது காதைத் துப்புரவாக்குவதற்கான மௌனம். ஒவ்வொரு சோதனைக்கு முன்னாலும் நிற்பார்களாம். செதோமிர் என் காதில் சொன்னார். திராய்லோவிடம் நான் சொல்லவில்லை. அப்புறம் காதைக் கழுவ என்று ஆளுக்கு ஒரு கோப்பை பிளம் சாராயம் குடித்தார்கள். அது எப்படிக் காதுக்குப் போகும் என்று கேட்க எனக்கு நாக்கு துடித்தது.

லுபிங்கா கேள்வி கேட்டாள். "இந்த ஒலி யாருக்கு?"

"என் பையனுக்கும்மா."

"காது நல்லாக் கேக்குமா?"

"நல்லாக் கேட்டுக்கிட்டிருந்தது. செத்துட்டான்."

"கேக்கறவர் ஸ்பீக்கர்லேர்ந்து எவ்வளவு தூரத்துல இருப்பார்?"

திராய்லோ என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். "பாதிரியாரைக் கேட்டாலும் தெரியாதும்மா," என்றேன்.

இது பெரிய விவகாரமாகிவிட்டது. மூவரும் தலையைச் சேர்த்துக்கொண்டு பேசினார்கள். கல்லறைக்குள் என்று வைத்துக்கொண்டால் மூடின இடத்து ஒலி, பரலோகம் என்று வைத்துக்கொண்டால் திறந்தவெளி ஒலி, இரண்டுக்கும் வேறு வேறு விதி. போன வருஷம் ஒரு விதவை இதே மாதிரி வந்ததாகவும், தூரம் முடிவாவதற்குள் அவளும் அந்தப் பக்கம் போய்விட்டதால் விஷயம் சுமுகமாக முடிந்ததாகவும் செதோமிர் சொன்னார். கடைசியில் 'திறந்தவெளி, மேகமூட்டம் உட்பட' என்று தீர்மானித்தார்கள்.

ஸ்பீக்கரைப் பட்டுத்துணி விரித்த மேஜையில் வைத்தார்கள். ஒலி அளக்கிற கருவி கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. அதை எடுக்கவில்லை. "அது சரியா அளக்குதான்னு சோதிக்கற கருவி இன்னும் வரல. சோதிக்காத கருவியை நம்பறது விதிக்கு விரோதம்," என்று சொல்லிவிட்டுச் செதோமிர் உள்ளங்கையை ஸ்பீக்கர் மேல் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். காய்ச்சல் பார்ப்பதைப் போல இருந்தது.

லுபிங்கா தலையைச் சாய்த்துக் கேட்டாள். "மேல் ஒலி நல்லா இருக்கு. ஈரமான புல் மாதிரி. நடுவுல கொஞ்சம் சோம்பல். அடியில ஒரு கரகரப்பு வருதே. அது கம்பெனிக் குறையா, உபயோகத்துல வந்த குறையா?"

"விழுந்ததும்மா," என்றார் திராய்லோ. "ஆறாவது மாடியிலேர்ந்து."

"ஏன் விழுந்தது?"

"அவன் விழுந்தான்."

"அப்போ உபயோகத்துல வந்த குறை," என்று சொல்லிவிட்டு லுபிங்கா அடுத்த கேள்விக்குப் போனாள். திராய்லோ தலையை ஆட்டிக்கொண்டார், தன்மேல்தான் ஏதோ தப்பு என்பது போல.

அடுத்தது மனிதக் குரல் சோதனை. செதோமிர் சோதனை போனை எடுத்து இணைக்கப் பார்த்தார். அதற்குள் டைரக்டர் தன் போனில் ஏதோ ஒரு பேர் வந்து நிற்கிறதே என்று அதை அமுக்கிவிட்டார். ஸ்பீக்கர் 'டிங்' என்று அவர் போனோடு இணைந்துகொண்டது. அதே சமயம் அவருக்கு ஒரு அழைப்பு வந்தது. எடுத்து, "மீட்டிங்ல இருக்கேன்!" என்று கத்திவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்தார். அழைப்பை அணைக்கவில்லை.

ஸ்பீக்கரிலிருந்து ஒரு பெண் குரல் கொட்டகை முழுக்கக் கேட்டது. "வுகாஷின்! காதுல மாட்டற மெஷினை மறுபடியும் சாப்பாட்டு மேஜையிலயே வெச்சுட்டுப் போயிட்டே! நேத்துப் பூரா நான் கத்தினது ஒண்ணுகூட உன் காதுல விழல. வீட்ல செவிடு, ஆபீஸ்ல போய் என்னத்தக் கேட்டுக் கிழிக்கறே? வரும்போது குடமிளகாய் வாங்கிட்டு வா. சிவப்பா இருக்கணும். போன தடவை மாதிரி பச்சையா வாங்கிட்டு வந்தே, உன் தலையிலயே கொட்டுவேன்!"

டைரக்டர் கண்ணை மூடி, விரலால் மேஜையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். குரல் நின்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் கண்ணைத் திறந்தார். "எப்படி?" என்று கேட்டார்.

"மனிதக் குரல் மிகத் தெளிவு ஐயா," என்றார் செதோமிர்.

"உச்சரிப்பு சுத்தம்," என்றாள் லுபிங்கா. "கோபம்கூடச் சிந்தாம வந்து சேருது."

"நானும் அதையேதான் நினைச்சேன்!" என்றார் டைரக்டர்.

திராய்லோவுக்குச் சூது தெரியாது. எழுந்து நின்று, "ஐயா, குடமிளகாய் சிவப்பா வேணுமாம்," என்றார்.

"என்ன சொல்றார்?"

"நன்றி சொல்றார் ஐயா," என்றாள் லுபிங்கா. அந்தத் தங்கக் காதுக்குக் கொஞ்சம் சிவப்பு ஏறியிருந்தது.

டைரக்டருக்கு உற்சாகம் வந்துவிட்டது. எழுந்து நின்று பேச ஆரம்பித்தார். "ஒலிங்கறது மக்கள் கையில விட்டுடற சாமான் இல்ல! ஒரு காலத்துல இந்த மாவட்டத்துல அவனவன் இஷ்டத்துக்குப் பாடினான், அவனவன் இஷ்டத்துக்குக் கேட்டான். என்ன கண்ராவி! நாங்க வந்தப்புறம் தரக்குறைவான ஒலின்னு ஒரு புகார் உண்டா? இல்ல! புகார் குடுக்க ஆளே இல்லையேன்னு சிலர் கேலி பண்றாங்க. நான் கேக்கறேன், ஆள் குறைஞ்சா சத்தம் குறையும், சத்தம் குறைஞ்சா தரம் உயரும். இன்னிக்கு எங்க மாவட்டத்துல முக்கால்வாசி ஊர்ல தரம் பரிபூரணம்! சில ஊர்ல சுத்தமா ஒரு சத்தமும் இல்ல. போய்ப் பாருங்க, கேளுங்க!"

கை தட்டினார்கள், கம்பளிக் கையுறை போட்டுக்கொண்டு.

அடுத்து ஆட்டச் சோதனை. ஆடுவதற்கான ஒலியை ஆடித்தான் சோதிக்க வேண்டும், அதுவும் உண்மையான நிலையில் என்பது விதி. விண்ணப்பக்காரரோடு வந்தவர்கள் சோதனை அறையில் இருக்கக் கூடாது என்று என்னைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார வைத்தார்கள். அங்கே நடப்பதெல்லாம் ஒலிபெருக்கி வழியாக எனக்குக் கேட்கும், நான் பேசுவது அங்கே கேட்காது. இந்தக் கண்ணாடி எங்கள் பெருமை என்று செதோமிர் சொல்லிவிட்டுப் போனார்.

குமாஸ்தாக்களும் துப்புரவுக்காரப் பெண்ணும் கைகோத்து நின்றார்கள். யாருக்கும் எங்கள் ஆட்டத்தின் அடி தெரியவில்லை. திராய்லோவை முன்னால் நிறுத்தினார்கள். அவர் தயங்கினார். பேர் சொல்லாத ஆட்டம் யாருக்கும் போகாது, வெறும் கால் அசைப்புதானே என்று அவரும் நினைத்திருப்பார், நானும் நினைத்தேன். திராய்லோ தன் போனிலிருந்து பாட்டைப் போட்டார். நோவிட்சா தினமும் போடுகிற கோலோ.

ஒரு வருஷம் கழித்து அவர் காதில் விழுகிற பாட்டு. முதலில் கால் எழும்பவில்லை. அப்புறம் எழும்பியது. கண்ணை மூடிக்கொண்டு ஆடினார். அடித் தாளம் வரும் இடத்தில் எல்லாம் அந்தக் கரகரப்பு வந்தது. அந்தச் சத்தம் வரும்போது மட்டும் அவர் முகம் இளகியது. குமாஸ்தாக்கள் தடுக்கித் தடுக்கிப் பின்னால் வந்தார்கள். நான் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன். அழ வேண்டாம் என்று நினைத்தால் நிற்கிறதா?

லுபிங்கா ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி மேஜையில் வைத்ததை அப்போதுதான் பார்த்தேன். எழுந்து கண்ணாடியைத் தட்டினேன். "பேர் சொல்லாதீங்கடா! நிறுத்துங்க! திராய்லோ, கையை விடு!" என்று கத்தினேன். கண்ணாடி அவர்கள் பெருமைப்பட்டபடியே இருந்தது. திராய்லோ என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும், ஆட்டத்தின் நடுவே கையை விடுவது எங்களில் பாவம்.

பாட்டு முடிந்தது. லுபிங்கா ஏதோ ஒரு தாளை நீட்ட, டைரக்டர் தன் பெரிய குரலில் படித்தார். "இந்த ஆட்டம், இந்தப் பாட்டு, இந்தப் பெட்டி, எங்கள் நிறுவனர் ரதிவோயேவுக்கு. இவர் கையில் சேரட்டும், இவர் முன்னால் ஒலிக்கட்டும்!"

ஒரு எழுத்துப் பிசகவில்லை. நான் சொல்கிற வார்த்தைகள். எங்கள் ஜனம் தலைமுறை தலைமுறையாகச் சொல்கிற வார்த்தைகள். ஊர் தெரியாத செர்பியக் குமாஸ்தா யாராவது எழுதியிருந்தால் தப்பும் தவறுமாக எழுதியிருப்பான், ஒன்றும் ஆகியிருக்காது. எங்கள் ஆடு மேய்த்தவன் மகள் எழுதிக் கொடுத்திருந்தாள்.

நான் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினேன். "என்னடி பண்ணிட்டே!" என்று எங்கள் பேச்சிலேயே அவளைக் கேட்டேன்.

அவள் அப்போதுதான் உணர்ந்தாள். கை வாய்க்குப் போனது. "உண்மையான நிலையில சோதிக்கணும்னா பேர் சொல்லணும்," என்றாள் மெதுவாக. "அவங்க பையன் பேரைச் சொன்னா அது சார்பாப் போயிடும். நடுநிலையா ஒருத்தர் பேர் வேணும்னு டைரக்டர் கேட்டார்... எங்கம்மா சொல்ற மாதிரியே எழுதினேன் அக்கா. சரியான வார்த்தைதான் எழுதினேன்."

"அதானேடி கேடு!"

திராய்லோ அசையாமல் நின்றார். தொப்பி கையிலேயே இருந்தது. "பெர்சிடா, அப்போ இது..." என்று ஸ்பீக்கரைக் காட்டினார். அவர் காலாலேயே ஆடி, பையனின் ஸ்பீக்கரை முன்பின் தெரியாத ஒரு இன்ஜினியருக்குக் கொடுத்துவிட்டார்.

செதோமிர் சந்தோஷமாக ஒரு வில்லையைக் கொண்டுவந்து நசுங்கின வலைக்குப் பக்கத்தில் ஒட்டினார். 'முதல் தரம்.' தங்க நிறம், ஓரத்தில் சின்னதாக ஒரு காது படம்.

"இதை ரத்து பண்ணுங்க!" என்று டைரக்டரிடம் கத்தினேன். இந்த முறை அவருக்குக் கேட்டது.

"எதை ரத்து பண்றது? உங்க விண்ணப்பம் ஏத்துக்கப்பட்டாச்சே! நிராகரிச்சா மேல்முறையீடு பண்ணலாம். ஏத்துக்கிட்டதை எதிர்த்து மேல்முறையீடு பண்ண விதியில இடமே இல்ல. இதுவரைக்கும் யாரும் கேட்டதும் இல்ல!"

"அப்போ வேற ஸ்பீக்கர் கொண்டுவரோம். சோதிச்சுக் குடுங்க."

"நாளைக்கு நாங்க கிரீஸ் கடற்கரைக்குப் போறோம். எல்லாரும். வருஷம் பூராக் கேட்ட காதுக்கு ஓய்வு வேணாமா? மாதா பண்டிகை கழிஞ்சு ரெண்டு வாரத்துல வாங்க."

அவரைச் சபிக்க வாயெடுத்தேன். திராய்லோ என் முழங்கையைத் தொட்டார். "வா பெர்சிடா, போலாம்," என்றார். வாசலில் கம்பளிச் செருப்பைக் கழற்றி ஜோடியாக அடுக்கி வைத்துவிட்டு வந்தார். அந்த ஒழுங்கைப் பார்த்து எனக்கு இன்னும் கோபம் வந்தது. இப்படிப்பட்ட ஆள்தான் அவர்களுக்குத் தேவை.

பஸ்ஸுக்காகக் காத்து நின்றோம். அவர் கேட்டார், "அந்த இன்ஜினியர்கிட்ட நோவிட்சா போய்க் கேட்டா, குடுத்துடுவாரா?"

"டைரக்டரா இருந்தவர் திராய்லோ," என்றேன். "அங்கயும் அவனை வரிசையில நிக்கத்தான் வெப்பார்."

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. அவர் முகத்தைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அப்புறம் ரதிவோயேவின் கல்லறை எங்கே என்று ஒருத்தரிடம் விசாரித்தார். நகரத்துக் கல்லறைத் தோட்டத்தில், பளிங்கில், காதுப் படம் செதுக்கின கல்லறை. அங்கே போய்த் துண்டைப் பிரித்து ஸ்பீக்கரை எடுத்து அதன்மேல் வைத்தார்.

"என்ன மனுஷன்யா நீ!" என்று கேட்டேன். "வீட்லயாவது வெச்சுக்கோயேன். பையன் ஞாபகமா."

"அடுத்தவர் பொருளை வீட்ல வெச்சா நல்லாவா இருக்கும்?" என்றார். துண்டை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு நடந்தார். நான் அழுதுகொண்டே பின்னால் போனேன்.

படையல் நாளில் ஊரே வந்தது. ஊர் என்றால், இருக்கிற மிச்சம் பேர். முற்றத்தில் மேஜை போட்டு, ரொட்டி, மது, பீன்ஸ், மீன் எல்லாம் வைத்தோம். நோவிட்சாவின் புதுச் சட்டை, பூட்ஸ், மழைக்கு ஒரு குடை. திராய்லோ ஒரு போன் சார்ஜரும் வாங்கி வைத்திருந்தார். மெழுகுவர்த்தி ஏற்றினோம். ஒவ்வொன்றையும் தொட்டு, "இது நோவிட்சாவுக்கு, அவன் கையில் சேரட்டும்" என்று சொன்னேன். வாசலில் போலீஸ்காரர் நின்று எட்டிப் பார்த்தார். பாட்டு வருகிறதா என்று பார்க்க வந்தவர். வரவில்லை.

ஆட்டத்துக்கு நேரம் வந்தது. வில்லை ஒட்டின வேறு ஸ்பீக்கர் எங்கேயும் கிடைத்திருக்கவில்லை. எல்லாரும் எழுந்து கைகோத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். என்ன செய்வது? சூரியன் மலைக்குப் பின்னால் போனால் நாள் முடிந்தது. இத்தனை வருஷம் பேர் சொல்லியிருக்கிறேன், சொல்ல ஒன்றும் இல்லாமல் நின்றது அன்றைக்குத்தான்.

திராய்லோ என் பக்கத்தில் வந்தார். "பெர்சிடா, எனக்கு ஒரு பாட்டு இருக்கில்ல?"

எனக்கு உடனே விளங்கவில்லை. பிறகுதான் விளங்கியது. எங்களில் சிலர் உயிரோடு இருக்கும்போதே தங்களுக்குத் தாங்களே படையல் போட்டுக்கொள்வது உண்டு. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள், நாளைக்கு யார் செய்வார்கள் என்று யோசிக்கிறவர்கள். திராய்லோவும் சுரங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருஷம் செய்துகொண்டார். பித்தளை வாத்தியக் குழு ஒன்று முழுசாக வந்து வாசித்தது. அவரே முன்னால் நின்று ஆடினார், நோவிட்சா அவர் கையைப் பிடித்திருந்தான். நான்தான் அவர் பேரைச் சொன்னேன். அந்தப் பாட்டு அங்கே அவருக்காகக் காத்திருக்கிறது. அவர் போகும்போது அவருடையது.

"இருக்கு," என்றேன்.

"நான் இன்னும் சாகலையே. அது இப்ப என்னோடதுதானே? என் பொருளை நான் குடுக்கலாமில்ல?"

யோசித்தேன். செத்தவர் பொருளைத்தான் மாற்ற முடியாது. உயிரோடு இருக்கிறவன் பொருளை அவன் கொடுக்கக் கூடாது என்று எங்கேயும் இல்லை. இப்படி யாரும் செய்து நான் பார்த்ததும் இல்லை.

"குடுத்தா உனக்கு அங்க ஒண்ணும் இருக்காது," என்றேன். "நீ போனப்புறம் உனக்கு ஆடிக் குடுக்க யாரு இருக்கா? சொல்லு, யாரு இருக்கா?"

"தெரியும் பெர்சிடா. நீ பேரைச் சொல்லு."

ஆடினார்கள். பாட்டு இல்லை, வாத்தியம் இல்லை. புல்லில் கால் படுகிற சத்தமும், வயசானவர்கள் மூச்சு வாங்குகிற சத்தமும்தான். திராய்லோ முன்னால் போனார். ஒருத்தரும் அடி தவறவில்லை. எல்லாருக்கும் அந்தப் பாட்டு ஞாபகம் இருந்தது போலிருக்கிறது. போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். சுற்று முடிந்ததும் நான் மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு, "திராய்லோவோட பாட்டு, அவர் கையால, நோவிட்சாவுக்கு. அவன் கையில் சேரட்டும், அவன் முன்னால் ஒலிக்கட்டும்," என்றேன். எப்படிச் சொல்லி முடித்தேன் என்று எனக்கே தெரியாது.

அப்புறம் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். திராய்லோ தட்டில் மீனை வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கு ஆறவேயில்லை.

"இப்படி வெறுங்கையோட போய் நிக்கப் போறியே, மனுஷா," என்றேன். "அங்க போய் என்னத்தக் கேட்டுக்கிட்டு இருப்பே?"

அவர் ரொட்டியைப் பிய்த்தார்.

"அவன் எப்பவும் பாட்டை ரொம்பச் சத்தமாத்தான் வெப்பான், பெர்சிடா. குறைடா, குறைடான்னு கத்திக்கிட்டே இருப்பேன். ஒரு நாளும் குறைச்சதில்ல." ரொட்டியை மதுவில் தோய்த்தார். "அங்க எந்த மூலையில இருந்தாலும் எனக்குக் கேக்கும்."